கியூ–ஐ செல்லுமா? ரெண்டெழுத்து வார்த்தைகளின் கதை

இந்த எபிசோட் ஒரு சண்டையில ஆரம்பிக்குது.

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வெளியில நல்ல மழை, வீட்டுல கரண்ட் இல்லை, வைஃபை இல்லை. என் ரூம்மேட் அலமாரி மேல கிடந்த பழைய ஸ்கிராபிள் டப்பாவைத் தூசி தட்டி எடுத்தான். ஆட்டம் முக்கால்வாசி முடிஞ்சப்போ என் கையில ‘கியூ’ எழுத்து மாட்டிக்கிச்சு. ‘யூ’ எல்லாம் ஏற்கெனவே தீர்ந்துபோச்சு. நான் சத்தம் போடாம, போர்டுல கிடந்த ஒரு ‘ஐ’ எழுத்துக்கு முன்னாடி கியூவை வச்சேன். கியூ, ஐ. வார்த்தையே அவ்வளவுதான். கியூ விழுந்தது ட்ரிபிள் லெட்டர் கட்டத்துல. மொத்தம் 31 பாயின்ட்.

“இப்படி ஒரு வார்த்தையே கிடையாது.”

“இருக்குடா. ஆப்ல எத்தனையோ தடவை போட்டிருக்கேன், ஏத்துக்கும்.”

“சரி, அர்த்தம் சொல்லு.”

எனக்குத் தெரியலை. சத்தியமா தெரியலை. “அர்த்தமே தெரியாத வார்த்தைக்கு 31 பாயின்ட்டா?”ன்னு கேட்டான் பாருங்க, அந்தக் கேள்விதான் இந்த எபிசோட். ஆப் ஏத்துக்கும்னா, ஆப்புக்கு யார் சொன்னது? இது வார்த்தை, இது வார்த்தை இல்லைன்னு முடிவு பண்றது யாரு? விளையாடுறதுக்கு அர்த்தம் தெரியணுமா, வேண்டாமா?

கரண்ட் வந்ததும் தேட ஆரம்பிச்சேன். நியூயார்க்ல ஆரம்பிச்சு, பீஜிங், ஹவாய், திபெத்னு சுத்தி, கடைசில நம்ம வீட்டுத் தயிர் பானையில வந்து நின்னேன்.

வேலை போன ஆர்க்கிடெக்ட்

1931. அமெரிக்காவில் பெருமந்தம். ஆல்ஃபிரட் மோஷர் பட்ஸ்னு நியூயார்க்ல ஒரு ஆர்க்கிடெக்ட். யாரும் கட்டடம் கட்டலைன்னா ஆர்க்கிடெக்ட்டுக்கு என்ன வேலை? வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. மனுஷன் சும்மா உட்காரலை. ஒரு விளையாட்டு கண்டுபிடிக்கலாம்னு முடிவு பண்ணி, இருக்கிற விளையாட்டுகளை எல்லாம் வகை பிரிச்சார். தாயக்கட்டை மாதிரி எண்களை நம்புற விளையாட்டு, செஸ் மாதிரி காய் நகர்த்துற விளையாட்டு, வார்த்தை விளையாட்டு. மூணாவது வகையில பெருசா எதுவும் இல்லைன்னு அவருக்குத் தோணுச்சு.

அப்புறம் அவர் செஞ்ச வேலையை இன்னைக்கு நாம டேட்டா அனாலிசிஸ்னு சொல்லுவோம். நியூயார்க் டைம்ஸ் மாதிரி பத்திரிகைகளை எடுத்து வச்சுக்கிட்டு, எந்த எழுத்து எத்தனை தடவை வருதுன்னு கையால எண்ணினார். அந்தக் கணக்குலதான் இன்னைக்கும் நாம ஆடுறோம். மொத்தம் 100 டைல். ‘ஈ’ எழுத்து 12. கியூ ஒண்ணு, இசட் ஒண்ணு, ரெண்டுக்கும் தலா 10 பாயின்ட். ‘எஸ்’ மட்டும் கணக்குப்படி போடலை. ஆங்கிலத்துல எஸ் எக்கச்சக்கமா வரும். ஆனா எஸ் நிறைய இருந்தா எல்லாரும் அடுத்தவங்க வார்த்தையைப் பன்மை ஆக்கியே ஜெயிச்சிடுவாங்கன்னு, நாலோட நிறுத்திட்டார்.

முதல்ல பேரு ‘லெக்ஸிகோ’. பிறகு குறுக்கெழுத்து மாதிரி போர்டு சேர்ந்து ‘கிரிஸ்-கிராஸ் வேர்ட்ஸ்’ ஆச்சு. பெரிய விளையாட்டுக் கம்பெனிகள் எல்லாம் வேண்டாம்னு திருப்பி அனுப்பிச்சு. 1948ல் ஜேம்ஸ் புருனோன்னு ஒருத்தர் உரிமையை வாங்கி, ‘ஸ்கிராபிள்’னு பேர் வச்சார். 1949ல் 2,400 செட் செஞ்சு, 450 டாலர் நஷ்டம். அப்புறம் நியூயார்க்கோட பெரிய கடையான மேசீஸ், 1950களின் தொடக்கத்துல ஆர்டர் கொடுத்துச்சு. 1954ல் மட்டும் கிட்டத்தட்ட 40 லட்சம் செட் வித்துச்சு.

ரெண்டெழுத்து ஏன் முக்கியம்?

ஸ்கிராபிள் ஆடாதவங்க பெரிய பெரிய வார்த்தை தெரிஞ்சவங்கதான் ஜெயிப்பாங்கன்னு நினைப்பாங்க. ஆடிப் பார்த்தா வேற கதை.

போர்டுல ஒரு வார்த்தை இருக்கு. அதை ஒட்டியே, அடுத்த வரிசையில நீங்க இன்னொரு வார்த்தை வைக்கிறீங்க. இப்போ மேல் எழுத்தும் கீழ் எழுத்தும் ஜோடி சேரும். அந்த ஒவ்வொரு ஜோடியும் ஒரு வார்த்தையா இருந்தாகணும். இருந்தா, ஒரே ஆட்டத்துல மூணு நாலு வார்த்தைக்குப் பாயின்ட் கிடைக்கும். அதனால ரெண்டெழுத்து வார்த்தைகள்தான் இந்த விளையாட்டோட கீல். அது தெரியலைன்னா கதவு திறக்காது.

இதுக்கு ஒரு அருமையான உதாரணம் 2015 உலக சாம்பியன்ஷிப். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்துல நடந்துச்சு. நைஜீரியாவைச் சேர்ந்த வெலிங்டன் ஜிகெரே, இங்கிலாந்து வீரரை இறுதிப் போட்டியில 4-0ன்னு தோற்கடிச்சார். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த முதல் உலக சாம்பியன். ஏழு எழுத்தையும் ஒரே நேரத்துல வைக்கத் தெரிஞ்சாலும், சில சமயம் வேணும்னே நாலு அஞ்சு எழுத்துச் சின்ன வார்த்தையை வச்சு, நல்ல எழுத்தைக் கையில பத்திரப்படுத்தி, எதிராளிக்கு இடம் கொடுக்காம ஆடுறது நைஜீரிய வீரர்களோட உத்தி. பிரிட்டன் ஆண்ட ஒரு நாடு, பிரிட்டனோட மொழியில, சின்ன வார்த்தைகளை வச்சு, பிரிட்டன்காரரையே ஜெயிச்ச கதை அது.

பட்டியல் எழுதினது யாரு?

ஆரம்ப கால டப்பாவோட வந்த விதி எளிமையானது. டிக்‌ஷனரியில இருக்கிற வார்த்தை எதுவும் செல்லும். ஆனா பெரிய எழுத்துல தொடங்குற பெயர்கள், சுருக்கங்கள், ‘அந்நிய மொழிச் சொற்கள்’னு குறிக்கப்பட்டவை இதெல்லாம் செல்லாது. எந்த டிக்‌ஷனரின்னு சொல்லலை. வீட்டுக்கு வீடு ஒரு டிக்‌ஷனரி, வீட்டுக்கு வீடு ஒரு சண்டை.

வீட்டோட இருந்தவரைக்கும் பரவாயில்லை. 1960கள்ல நியூயார்க் செஸ் கிளப்புகள்ல காசு வச்சு ஸ்கிராபிள் ஆட ஆரம்பிச்சாங்க. காசு வந்துட்டா விதி தெளிவா இருக்கணும் இல்லையா? கடைசில 1978ல் மெரியம்-வெப்ஸ்டர் நிறுவனம் ஸ்கிராபிளுக்குன்னே ஒரு அதிகாரபூர்வ டிக்‌ஷனரி போட்டுச்சு. அஞ்சு அமெரிக்கக் கல்லூரி டிக்‌ஷனரிகளை எடுத்துக்கிட்டாங்க. அதுல ஏதாவது ஒண்ணுல இருந்தாலும் வார்த்தை உள்ளே வரலாம். நம்ம பாஷையில சொன்னா, அஞ்சு செட்டோட யூனியன்.

பிரிட்டன்ல வேற கதை. அங்க போட்டிகளுக்கு அடிப்படை சேம்பர்ஸ் டிக்‌ஷனரி. அதை வச்சு 1988ல் அவங்க பட்டியல் வந்துச்சு. சேம்பர்ஸ் பிறந்தது ஸ்காட்லாந்தின் எடின்பரோவில். அதனால ஸ்காட்லாந்து கிராமத்துப் பேச்சு வார்த்தைகள் எல்லாம் அதுக்குள்ள ஏராளமா இருக்கும். ஜே–ஓ ‘ஜோ’ன்னா காதலன், அன்புக்குரியவன். ஏ–ஈன்னா ஒண்ணு. லண்டன்காரங்களே பேசாத இந்த ஸ்காட்லாந்து வார்த்தைகளை இன்னைக்கு நைஜீரியாவிலும் தாய்லாந்திலும் மனப்பாடம் பண்றாங்க. அமெரிக்கப் பட்டியலையும் பிரிட்டிஷ் பட்டியலையும் பிறகு சேர்த்தாங்க. ரெண்டு புத்தகத்தோட சுருக்கப் பெயர்களில் இருந்த எழுத்துகளைக் கலைச்சுப்போட்டு அதுக்கு ‘சௌபாட்ஸ்’னு பேர் வச்சாங்க. விளையாட்டுக்காரங்க, வேற எப்படிப் பேர் வைப்பாங்க?

2018ல் அமெரிக்கப் பட்டியல்ல ரெண்டெழுத்து வார்த்தைகள் 107 ஆச்சு. 2019ல் காலின்ஸ் வெளியிட்ட, மத்த நாடுகள் பயன்படுத்துற பட்டியல்ல 127. அந்த ரெண்டு பதிப்புலதான் ‘ஓகே’ உள்ளே வந்துச்சு. கவனிங்க, ‘ஓகே’ங்கிறது 1839ல் பாஸ்டன் பத்திரிகை ஒண்ணு ஜோக்குக்காக அச்சடிச்ச சுருக்கம். இன்னைக்கு உலகம் முழுக்கப் புரியுற வார்த்தை. நம்ம பாட்டியும் போன்ல சொல்லுவாங்க. ஆனா டிக்‌ஷனரிகள் அதைப் பெரிய எழுத்துலயே எழுதிக்கிட்டிருந்ததால 40 வருஷம் வாசல்ல நின்னுச்சு. ஒரு வார்த்தையை எத்தனை பேர் பேசுறாங்கங்கிறதைவிட, அதை டிக்‌ஷனரிக்காரர் எப்படி அச்சடிக்கிறார்ங்கிறதுதான் இங்க சட்டம்.

31 பாயின்ட்டோட பூர்வீகம்

சரி, என் கியூ–ஐக்கு வருவோம். அதை ‘சீ’ன்னு உச்சரிக்கணும். சீன மருத்துவத்துலயும் தத்துவத்துலயும் உடம்புக்குள்ள ஓடுற உயிர்ச்சக்தி, நாம பிராணன்னு சொல்றோமே, கிட்டத்தட்ட அது. (நான் அர்த்தம் படிச்சுக் காட்டினப்போ ரூம்மேட்டும் “சீ”ன்னுதான் சொன்னான், வேற அர்த்தத்துல.)

‘சீ’ன்னு சொல்ற வார்த்தைக்குக் கியூ எங்கிருந்து வந்துச்சு? பழைய முறையில இதை ஆங்கிலத்துல சி–எச்–ஐன்னுதான் எழுதினாங்க. 1958ல் சீன அரசு, சீன உச்சரிப்பை ரோமன் எழுத்துல எழுத ‘பின்யின்’னு ஒரு முறையை ஏத்துக்கிச்சு. அதை உருவாக்கின குழுவுல முக்கியமானவர் ஜோ யூகுவாங். அடிப்படையில பொருளாதார நிபுணர். ஒரு காலத்துல வங்கி வேலையா நியூயார்க்ல இருந்தவர். 111 வயசு வரைக்கும் வாழ்ந்தார். பின்யின்ல அந்தச் ‘ச’ ஒலிக்குக் கியூ எழுத்தை ஒதுக்கினாங்க. 1982ல் பின்யின் சர்வதேசத் தரமாவும் ஆச்சு. சீனப் பெயர்களோட எழுத்துமுறை உலகம் முழுக்க மாறுச்சு. அந்த மாற்றம் டிக்‌ஷனரிக்குள்ள வந்து, 2006 மார்ச்சுல அமெரிக்கப் போட்டிப் பட்டியல்ல கியூ–ஐ நுழைஞ்சுச்சு.

அதுவரைக்கும் அமெரிக்காவில் கியூ வந்தா தலைவலி. ரெண்டெழுத்துல அதுக்கு வழியே கிடையாது. இப்போ போட்டிகள்ல ரொம்ப அதிகமா விழுற வார்த்தைகள்ல இதுவும் ஒண்ணு. சீனாவில் எழுத்தறிவுக்காக எடுத்த ஒரு முடிவு, 48 வருஷம் கழிச்சு அமெரிக்கப் போர்டு விளையாட்டோட போக்கையே மாத்தியிருக்கு. அதே வருஷம் கூடவே வந்தது இசட்–ஏ. ‘ஸா’. பீட்சாவோட வாலை மட்டும் வெட்டி எடுத்த அமெரிக்க ஸ்லாங். உயிர்ச்சக்தியும் பீட்சாவும் ஒரே நாள்ல உள்ளே வந்திருக்கு.

இப்படி ஒவ்வொண்ணையும் நோண்டினா ஒரு ஊர் வருது.

ஏ–ஏ. ‘ஆஆ’. இது ஹவாய் மொழி. கரடுமுரடா, கால் வைக்க முடியாம உறையுற எரிமலைக் குழம்பு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்க ஆய்வு செஞ்ச அமெரிக்க நிலவியலாளர் கிளாரன்ஸ் டட்டன் அதை அறிவியல் சொல்லா எழுதிவச்சார்.

ஏ–ஐ. நம்ம ஆபீஸ்ல தினமும் நூறு தடவை கேக்குற அந்த ஏஐ இல்லை, சுருக்கம் இங்க செல்லாது. இது தென் அமெரிக்காவில் மரத்துல தலைகீழா தொங்குற, மூணு விரல் ஸ்லாத். பிரேசிலின் துப்பி மக்கள் அதோட குரலை வச்சே அதுக்குப் பேர் வச்சாங்க. உலகத்துலயே சோம்பேறித்தனத்துக்குப் பேர் போன மிருகம் ஏஐங்கிறதை அடுத்த ஸ்டாண்ட்அப் மீட்டிங்ல சொல்லிப் பாருங்க.

எக்ஸ்–யூ. ‘சூ’. வியட்நாமின் பழைய சில்லறைக் காசு, டாங்ல நூத்துல ஒரு பங்கா இருந்துச்சு. பிரெஞ்சுக்காரங்க அங்க ஆண்டப்போ அவங்களோட ‘சூ’ங்கிற நாணயப் பேர் ஒட்டிக்கிட்டது.

யூ–டி. ‘உட்’. 11ஆம் நூற்றாண்டு இத்தாலியில கீதோன்னு ஒரு துறவி, பாட்டு சொல்லிக்கொடுக்க ஒரு வழி கண்டுபிடிச்சார். ஒரு லத்தீன் பாசுரத்தோட ஒவ்வொரு வரியின் முதல் அசையையும் எடுத்து ஸ்வரத்துக்குப் பேர் வச்சார். உட், ரே, மி, ஃபா, சோல், லா. அவங்க ஊர் சரிகமபதநி. இதுல ‘உட்’தான் பின்னாடி ‘டோ’ ஆச்சு. அந்த ஆறுல அஞ்சு, ரெண்டெழுத்துப் பட்டியல்ல இருக்கு. ஒரு பாட்டு வாத்தியாரோட ஞாபகக் குறிப்பு, ஆயிரம் வருஷம் கழிச்சு நமக்குப் பாயின்ட் தருது.

காலின்ஸ் பட்டியல்ல இசட்–ஓ இருக்கு. திபெத்துல யாக்குக்கும் பசுவுக்கும் பிறக்கிற கலப்பினம். இதே மிருகத்துக்கு அந்தப் பட்டியல்ல அஞ்சு ஸ்பெல்லிங் செல்லும். காரணம் சுலபம். திபெத்துக்காரர் சொன்னதை ஒவ்வொரு பயணியும் தன் காதுல விழுந்தபடி எழுதினார். தூத்துக்குடியை ‘டூட்டிகொரின்’ ஆக்கினவங்க ஊராச்சே.

அப்போ ‘அந்நிய மொழிச் சொல் செல்லாது’ங்கிற விதி என்ன ஆச்சு? இதெல்லாம் அந்நியம் இல்லாம வேற என்ன? விதிக்கு அர்த்தம் இதுதான்: டிக்‌ஷனரிக்காரர் எப்போ ஒரு சொல்லுக்குப் பக்கத்துல ‘இது வெளியூர்’னு எழுதுறதை நிறுத்துறாரோ, அன்னைக்கு அது ஆங்கிலம்.

நம்ம பக்கத்துலயிருந்து போனதும் இருக்கு. சி–ஓ–ஐ–ஆர், ‘காயர்’. தமிழ்லயும் மலையாளத்துலயும் இருக்கிற கயிறுதான் அது. 1886ல் ஹென்றி யூலும் பர்னெலும் ‘ஹாப்சன்-ஜாப்சன்’னு ஒரு அகராதி வெளியிட்டாங்க. இந்தியாவில் இருந்த ஆங்கிலேயர் பேச்சுல கலந்த சொற்களோட தொகுப்பு. பர்னெல் தஞ்சாவூர்ல நீதிபதியா இருந்தவர். புத்தகம் வர்றதுக்கு முன்னாடியே இறந்துட்டார். அதுல டி–ஒய்–ஆர்–ஈன்னு ஒரு பதிவு. வண்டிச் சக்கரத்தோட டயர் மாதிரியே ஸ்பெல்லிங். ஆனா விளக்கம்: தென்னிந்தியாவில் உறைஞ்ச பாலுக்கு வழங்குற பேர். நம்ம தயிர்! இதைப் படிச்சிட்டு நான் ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்தேன்.

இன்னொண்ணு ஏ–எல். ‘ஆல்’. அமெரிக்க ஸ்கிராபிள் டிக்‌ஷனரியில இதுக்கு விளக்கம், கிழக்கிந்திய மரம் ஒண்ணு. அவ்வளவுதான். தேடினா அது வட இந்தியாவில் வேர்லயிருந்து சிவப்புச் சாயம் எடுத்த மரம். நம்ம ஊர்ல நுணா, மஞ்சணத்தின்னு சொல்றோமே, அந்தக் குடும்பம்.

அர்த்தம் தேவையே இல்லை

இவ்வளவு கதை இருந்தும், இதுல ஒண்ணுகூடத் தெரியாம உலக சாம்பியன் ஆகலாம். அதுக்கும் சாட்சி இருக்கு.

நியூசிலாந்தின் நைஜல் ரிச்சர்ட்ஸ், ஆங்கில ஸ்கிராபிள்ல அஞ்சு தடவை உலக சாம்பியன். 2015ல் பெல்ஜியத்துல பிரெஞ்சு மொழி உலகப் போட்டியில கலந்துக்கிட்டார். அவருக்குப் பிரெஞ்சு பேசத் தெரியாது. சுமார் ஒன்பது வாரம் பிரெஞ்சு வார்த்தைப் பட்டியலைப் படிச்சார். ஜெயிச்சார். 2024ல் ஸ்பெயின்ல ஸ்பானிஷ் போட்டியையும் அதே மாதிரி ஜெயிச்சார். அவருக்கு வார்த்தைங்கிறது எழுத்துகளோட ஒரு உருவம்.

கம்ப்யூட்டரும் அப்படித்தான். 1988ல் ஆப்பெல், ஜேக்கப்சன்னு ரெண்டு பேர் வேகமான ஸ்கிராபிள் புரோகிராம் ஒண்ணைப் பத்திக் கட்டுரை எழுதினாங்க. டேட்டா ஸ்ட்ரக்சர் படிச்சவங்களுக்கு ‘டாக்’ங்கிற கிராஃப் தெரிஞ்சிருக்கும். ஒரே மாதிரி தொடங்குற, ஒரே மாதிரி முடியுற வார்த்தைகள் எல்லாம் பாதையைப் பகிர்ந்துக்கும். மொத்த மொழியும் அம்புக்குறிகளா சுருங்கிடும். ரொம்ப அழகான டிசைன். அதுக்குள்ள அர்த்தத்துக்குன்னு ஒரு பிட் கூட ஒதுக்கலை. ஒதுக்கத் தேவையே இல்லை.

ஒரு இன்ஜினியரா எனக்கு இது பிடிக்கும். ‘இருக்கா, இல்லையா’ன்னு மட்டும் கேட்டா எல்லாமே சுத்தமா இருக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் ரூம்மேட்கிட்ட சொன்னதும் இதைத்தான்: “அர்த்தமெல்லாம் எதுக்குடா, லிஸ்ட்ல இருந்தா போதும்.”

அர்த்தம் இல்லாத புத்தகம்

1990களின் தொடக்கத்துல அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஒரு பெண், ஸ்கிராபிள் டிக்‌ஷனரியைப் பார்த்து அதிர்ந்துபோனார். யூதர்களை இழிவா அழைக்கிற வசைச்சொல் அதுல செல்லும் வார்த்தையா இருந்துச்சு. தேடத் தேட மத்த இனத்தவரைப் பத்தின வசைகளும் இருந்துச்சு. கடிதம் எழுதினார், ஆள் சேர்த்தார், பிரச்சினை பெருசாச்சு. விளையாட்டோட உரிமை அப்போ ஹாஸ்ப்ரோ நிறுவனத்துகிட்ட. எடுத்துடறோம்னு அறிவிச்சாங்க.

போட்டி ஆட்டக்காரங்களுக்குக் கோவம் வந்துச்சு. இதெல்லாம் எங்களுக்கு வெறும் எழுத்து, போர்டுல யாரையும் யாரும் திட்டலைன்னாங்க. அவங்கள்ல யூதர்களும் இருந்தாங்க. கடைசில ஒரு சமரசம். வீட்டுக்கு ஒரு புத்தகம்: வசைச்சொற்கள் நீக்கினது, விளக்கங்களோட. போட்டிக்குத் தனிப் பட்டியல்: எல்லா வார்த்தையும் இருக்கும். 1998ல் வந்த அந்தப் போட்டிப் பட்டியல்ல விளக்கமே கிடையாது. வரிசை வரிசையா வார்த்தைகள் மட்டும்.

எனக்கு இந்த இடத்துலதான் உறைச்சுது. அந்த வார்த்தைகளை வச்சுக்கணும்னா, அர்த்தம் இல்லாத ஒரு புத்தகத்தை அச்சடிக்க வேண்டியிருந்திருக்கு. அர்த்தம் நிஜமாவே பொருட்டில்லைன்னா, அதை ஏன் மறைக்கணும்?

அந்தச் சமரசம் 20 வருஷத்துக்கு மேல ஓடுச்சு. 2020 மே மாசம் மினியாபொலிஸ்ல ஜார்ஜ் ஃப்ளாய்ட் போலீஸ் கையில கொல்லப்பட்டார். அமெரிக்கா முழுக்கப் போராட்டம். அந்த ஜூலைல வட அமெரிக்க ஆட்டக்காரர் சங்கம் வசைச்சொற்களைப் போட்டியிலிருந்தும் நீக்க முடிவெடுத்துச்சு. 2021ல் மத்த நாடுகளுக்கான உரிமை வச்சிருக்கிற மேட்டல் நிறுவனமும் 400 வார்த்தைகளை எடுத்துச்சு. இப்பவும் இதை ஏத்துக்காத நல்ல ஆட்டக்காரங்க இருக்காங்க. அகராதியை எப்படித் திருத்தினாலும் உலகம் திருந்தாதுன்னு அவங்க சொல்றதுல ஒரு நியாயம் இருக்கு. ஆனா எதிரே உட்கார்ந்து, தன்னைக் குத்துற வார்த்தைக்கு எதிராளி பாயின்ட் எழுதுறதைப் பார்க்கிறவங்க பக்கமும் ஒரு நியாயம் இருக்கு. என் கணக்குல அது கனம் அதிகம்.

11 பாயின்ட்

இதை எங்கேயோ அமெரிக்காவில் நடந்த கதைன்னு என்னால விட முடியலை. காரணம் சொல்றேன்.

தமிழ்லயிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்கள்னு பெருமையா ஒரு லிஸ்ட் ஃபார்வர்ட் வரும், பார்த்திருப்பீங்க. கட்டுமரம், மிளகுத்தண்ணி, சுருட்டு. அந்த லிஸ்ட்டுல நாம பேசாம தாண்டிப்போற ஒரு சொல் இருக்கு. ‘பரையா’. ஆங்கிலத்துல அதுக்கு அர்த்தம், எல்லாராலும் ஒதுக்கப்பட்டவர். பத்திரிகைகள்ல ‘பரையா நாடு’ன்னு சர்வசாதாரணமா எழுதுவாங்க. அது எங்கிருந்து போச்சுன்னு ஆங்கில அகராதிகளே சொல்லுது: பறையர். பறைங்கிற இசைக்கருவியோட சேர்த்து விளக்கப்படுற ஒரு சமூகத்தோட பேர். இங்க நாம செஞ்ச ஒதுக்குதலை வெள்ளைக்காரன் பார்த்தான், அந்த மக்களோட பேரையே ஒதுக்குதலுக்கு வார்த்தையா எடுத்துக்கிட்டுப் போயிட்டான்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு மீட்டிங். யாரும் தொட விரும்பாத ஒரு பழைய மாட்யூலை ஒருத்தர் சிரிச்சுக்கிட்டே அந்த வார்த்தையால சொன்னார். அவருக்கு அது வெறும் ஆங்கிலம், கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. என் ரூம்மேட்டும் அந்த மீட்டிங்ல இருந்தான். ஒண்ணும் சொல்லலை. லேப்டாப்பை மூடிட்டு எழுந்து போனான். ஏன்னு அப்போ எனக்குப் புரியலை. கேட்கவும் இல்லை. கியூ–ஐ சண்டைக்கு அப்புறம், இதெல்லாம் படிச்ச அந்த ராத்திரிதான் கேட்டேன். “எங்க தாத்தா பறை அடிப்பார்டா”ன்னான்.

ஸ்கிராபிள் கணக்குல அந்த வார்த்தையோட டைல்களைக் கூட்டிப் பாருங்க. 11. கியூவையும் ஐயையும் கூட்டினாலும் 11. கிராஃபுக்கு ரெண்டும் ஒண்ணுதான். ‘அர்த்தம் சொல்லு’ன்னு அவன் ஏன் அவ்வளவு பிடிவாதமா கேட்டான்னு எனக்கு அப்போதான் விளங்குச்சு.

இப்போ எங்க வீட்டுல ஒரு விதி. எந்தச் சின்ன வார்த்தையும் வைக்கலாம், எந்தப் பட்டியலும் சரி. ஆனா அர்த்தம் சொன்னாத்தான் பாயின்ட். போட்டிக்கு இது சரிப்படாது, தெரியும். ஆட்டம் மெதுவாப் போகுது, நடுவுல கதை ஓடுது, டீ ஆறிப்போகுது. பரவாயில்லை.

போன ஞாயிறு அவன் ஒரு மூலையில ஏ–எல் வச்சான்.

“அர்த்தம்?”னு கேட்டேன்.

“நுணா மாதிரி ஒரு மரம். எங்க ஊர் கண்மாய்க் கரையில நுணா நிக்கும். சின்ன வயசுல நுணாக்காயில ஈர்க்குச்சி குத்தித் தேர் செஞ்சு இழுப்போம்.”

2 பாயின்ட். எழுதிக்கிட்டேன்.